குகை ஓவிய நகலில் எடுத்த படம் கெட்டால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கற்கால ஓவியங்கள் நிறைந்த பிரான்சின் லாஸ்கோ குகை 1963இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. ஸ்பெயினின் அல்தமீராவுக்குள் இன்று நினைத்தவுடன் போய்விட முடியாது. பிரான்சிலேயே உள்ள ஷோவே குகையோ 1994இல் கண்டுபிடித்த காலத்திலிருந்தே பூட்டித்தான் இருக்கிறது. ஆகவே பயணிகளாகிய நாம் பார்ப்பது நகல்களைத்தான். மோன்தின்யாக் ஊரில் 1983இல் திறந்த இரண்டாம் லாஸ்கோ, 2016இல் திறந்த நான்காம் லாஸ்கோ, சந்தியானா தெல் மாரில் 2001இல் திறந்த புதிய அல்தமீரா, 2015இல் திறந்த ஷோவே நகல் ஆகியவை அவற்றில் பெயர்பெற்றவை.

இவற்றைப் பார்த்துத் திரும்பும் நண்பர்கள் எனக்குப் படங்களை அனுப்பி, "எங்கே தவறு?" என்று கேட்கிறார்கள். பல ஆண்டுகளாகப் பதில் சொல்லிச் சொல்லி, கேள்விகள் ஏறக்குறைய ஒரு டஜன்தான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த நகல்களை வேண்டுமென்றே இருட்டாகவும் குளிராகவும் மேடுபள்ளமாகவும் கட்டியிருக்கிறார்கள். நம் படங்கள் கெடுவது பெரும்பாலும் இவற்றால்தான். கேமரா பழுதாகிக் கெடுவது குறைவு. உங்கள் படத்தில் தெரியும் குறைக்கு உரிய தலைப்பை மட்டும் படித்தால் போதும். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில்.

கேமராவை வெளியே எடுத்ததுமே தடுக்கிறார்கள்

இதுதான் முதல் கோளாறு. இதைச் சரிசெய்யும் இடம் டிக்கெட் கவுண்டர். ஷோவே நகலிலும், நான்காம் லாஸ்கோவின் குகை நகலுக்குள்ளும் படமெடுக்கக் கூடாது. ஆனால் லாஸ்கோவில் வழிகாட்டியோடு குகையைச் சுற்றி முடித்ததும் ஒரு பெரிய பட்டறைக் கூடம் வரும். பெரிய கருப்புப் பசு, ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கும் இரண்டு காட்டெருமைகள், நீந்தும் மான்கள் ஆகியவற்றின் நகல்கள் அங்கே தனித்தனிப் பாறைத் துண்டுகளாக இருக்கின்றன. அங்கே எடுக்கலாம். இது தெரியாமல் குகைக்குள் தடுத்ததும் கேமராவைப் பைக்குள் போட்டு மூடிவிட்டு, பட்டறைக் கூடத்தையும் வெறுங்கையோடு கடந்துவந்தவர்கள் பலர்.

விதிகள் ஊருக்கு ஊர் வேறு, ஆண்டுக்கு ஆண்டும் மாறும். ஆகவே மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: படமெடுக்கலாமா, ஃபிளாஷ் போடலாமா, முக்காலி வைக்கலாமா. முதலாவதற்கு "ஆம்" என்றால் மற்ற இரண்டுக்கும் ஆம் என்று பொருளல்ல. முக்காலிக்குப் பெரும்பாலும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வேண்டும்.

"நகல்தானே, ஃபிளாஷால் என்ன கெடும்?" என்று சிலர் வழிகாட்டியிடம் வாதிடுகிறார்கள். பாறைக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் இருட்டுக்குப் பழகிய இருபது பேரின் கண்கள் ஒரு மின்னலில் குருடாகிவிடும். அவர்கள் மறுபடி பழகுவதற்குள் குழு நகர்ந்துவிடும். ஃபிளாஷை அணைத்து வைப்பது மற்றவர்களுக்கு நாம் தர வேண்டிய குறைந்தபட்ச மரியாதை. ஃபோக்கஸுக்காகக் கேமராவின் முன்பக்கம் எரியும் சிறு ஆரஞ்சு விளக்கையும் மெனுவில் அணைத்துவிடுங்கள். அதுவும் ஃபிளாஷ் போலவே பிறர் கண்ணை உறுத்தும்.

படம் முழுவதும் மங்கல்

முதலில் படத்தைப் பெரிதாக்கி, எந்தப் பக்கமாக மங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

*எல்லாக் கோடுகளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால்:* கை அசைந்திருக்கிறது. குகை வெளிச்சத்தில் தானியங்கி முறையில் விட்ட கேமரா ஷட்டரைக் கால் விநாடி, அரை விநாடி என்று திறந்து வைத்துவிடும். ஷட்டர் வேகத்தை நீங்களே 1/60 விநாடிக்கு நிறுத்துங்கள். லென்ஸின் துளையை (அபர்ச்சர்) முழுதாகத் திறங்கள். ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறனின் எண்) 3200, 6400 என்று ஏறினால் ஏறட்டும். புள்ளி விழுந்த படத்தை வீட்டில் ஓரளவு திருத்தலாம். இழுபட்ட படத்துக்கு மருந்து கிடையாது. லென்ஸிலோ கேமராவிலோ அசைவுத் தடுப்பு இருந்தால் 1/15 வரை இறங்கலாம்.

உடம்பையும் கவனிக்க வேண்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, தோளைக் கைப்பிடிக் கம்பியில் சாய்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஒரே அழுத்தலில் நான்கைந்து படங்கள் எடுங்கள். முதல் படம் விரலழுத்தத்தால் ஆடியிருக்கும். மூன்றாவது பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

*பாறை தெளிவாகவும் ஆட்கள் மட்டும் பேய்போலவும் இருந்தால்:* கைபேசியின் இரவு முறை இரண்டு மூன்று விநாடி எடுத்துக்கொண்டிருக்கிறது. குழு கடந்துபோக விடுங்கள். கடைசி ஆளாக நிற்பவருக்கு எப்போதும் பத்து விநாடி கூடுதலாகக் கிடைக்கும்.

*ஒரு ஓரம் மட்டும் தெளிவு, மற்றது மங்கல் என்றால்:* வளைந்த பாறையின் அருகிலிருக்கும் முனையில் ஃபோக்கஸ் விழுந்திருக்கிறது. விலங்கின் கண்ணிலோ கொம்பிலோ ஃபோக்கஸ் வையுங்கள்.

*தட்டையான, வெளிச்சமான சுவரை எடுத்தாலும் எப்போதும் அதே ஓரம் மங்கினால்:* லென்ஸுக்குள் கண்ணாடி இடம் மாறியிருக்கலாம். விடுதி அறையில் ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி எடுத்துச் சோதியுங்கள். அதிலும் அப்படியே வந்தால் சர்வீஸ் மையம்தான் வழி. நீங்களாகத் திருகைத் தொடாதீர்கள்.

லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது, 'கிளிக்' ஆகவில்லை

கேமராவின் ஃபோக்கஸ் வெளிச்சமும் இருளும் சந்திக்கும் விளிம்பைத் தேடுகிறது. மங்கிய காவியில், கரைந்துபோன விளிம்புகளில் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. நடுப்புள்ளி ஒன்றை மட்டும் இயக்கி, விலங்கின் முதுகுக் கருங்கோட்டின் மேல் வையுங்கள். வயிற்றின் நடுவில் வைத்தால் பிடிக்காது. கிடைமட்டக் கோட்டில் தடுமாறினால் கேமராவைச் சற்றே சாய்த்துப் பிடித்து ஃபோக்கஸ் செய்து, பிறகு நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

அதுவும் நடக்கவில்லை என்றால் கையால் ஃபோக்கஸ் செய்வதற்கு மாறுங்கள். திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிச் சரிசெய்து, அந்தத் தூரத்திலேயே நின்று எல்லாப் படங்களையும் எடுங்கள். வெளியே வெயிலில் மரத்தைப் பார்த்துச் சோதியுங்கள்: அங்கேயும் ஓடிக்கொண்டே இருந்தால் ஃபோக்கஸ் மோட்டாரில் கோளாறு. பயணம் முடியும்வரை கையால் ஃபோக்கஸ் செய்து சமாளித்துவிட்டு, ஊர் திரும்பியதும் கொடுத்துச் சரிபாருங்கள்.

படத்தில் கிடைமட்டப் பட்டைகள்

கருப்பும் வெளுப்புமாகச் சீரான பட்டைகள் விழுந்திருந்தால் குற்றவாளி எல்இடி விளக்கு. சத்தமில்லா ஷட்டரை இயக்கியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அமைதியான இடத்தில் மரியாதையாக நடக்க நினைப்பவர்களுக்குத்தான் இந்தக் கோளாறு அதிகம் வருகிறது. அந்த மின்னணு ஷட்டர் படத்தை வரிவரியாகப் படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் விளக்கு பல தடவை மினுங்கிவிடுகிறது. இயந்திர ஷட்டருக்கு மாறினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? ஐரோப்பாவிலும் நம் ஊர்போல மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான். விளக்கு விநாடிக்கு நூறு தடவை ஏறி இறங்கும். ஷட்டரை 1/100, 1/50, 1/25 ஆகியவற்றில் ஒன்றில் வையுங்கள். மங்கலாக்கி எரியவிட்ட எல்இடி இதைவிட வேகமாக மினுங்கும். அங்கே 1/25இல் கையை நிலைநிறுத்துவதே நல்லது. கைபேசியாக இருந்தால் ஒரு அடி தள்ளி நின்று, வேறொரு விளக்கின் கீழ் மறுபடி எடுத்துப் பாருங்கள். பகல் வெயிலில் எடுத்த படத்திலும் அதே இடத்தில் கோடு இருந்தால் மட்டுமே சென்சார் பழுது. அதை நிபுணரிடம் காட்ட வேண்டும்.

காவி ஆரஞ்சாகவோ சாம்பலாகவோ வருகிறது

இது பெரிய தலைப்பு. எனக்கு வரும் கேள்விகளில் இதுவே அதிகம்.

*சுவர் நீலம் பாய்ந்த சாம்பலாக இருந்தால்:* விளக்கின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சீராக்கும் தானியங்கி வைட் பேலன்ஸ் ஏமாந்திருக்கிறது. திரை முழுவதும் காவியும் மஞ்சளுமாக இருந்தால், விளக்குதான் மஞ்சள் என்று கேமரா முடிவுகட்டி, அந்த நிறத்தைக் கழித்துவிடுகிறது. நமக்கு வேண்டிய காவியே கழிந்துபோகிறது. விளக்கின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண்ணை நீங்களே 3000 அளவில் பூட்டி வைத்து ஒரு படம் எடுத்து, கண்ணால் பார்ப்பதோடு ஒப்பிட்டு ஏற்றி இறக்குங்கள். பூட்டியபின் அதே கூடத்தில் மாற்றாதீர்கள். மாற்றினால் ஒரே காட்டெருமை பத்துப் படங்களில் பத்து நிறத்தில் இருக்கும்.

*எல்லாம் பழரசம்போல ஆரஞ்சாக இருந்தால்:* எண்ணை இன்னும் இறக்க வேண்டும். சாம்பல் அட்டை வைத்திருப்பவர்கள் அதை ஓவியத்தின் மேல் விழும் அதே வெளிச்சத்தில் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். அட்டை இல்லையென்றால் டிக்கெட்டின் வெள்ளைப் பின்பக்கம் போதும். சுவரிலிருக்கும் விளக்கப் பலகையின் வெள்ளையை மட்டும் நம்பாதீர்கள். பலகைக்குத் தனி விளக்கு போட்டிருப்பார்கள். அதன் நிறம் வேறு. நான் ஒருமுறை அந்தப் பலகையை வைத்து நிறம் சரிசெய்து, ஒரு நாள் எடுத்த படங்கள் முழுவதையும் பச்சை பாயவிட்டேன்.

*நிறம் சரி, ஆனால் காவித் திட்டு தட்டையான சிவப்புக் கறைபோல இருந்தால்:* இது எளிதில் பிடிபடாத கோளாறு. லாஸ்கோவின் அந்த இரண்டு காட்டெருமைகளில் இடப்பக்கம் உள்ளதன் விலாவில் ஒரு செந்நிறத் திட்டு உண்டு. அருகில் நின்று பாருங்கள்: ஓரத்தில் அடர்ந்து, உள்ளே போகப்போக மெலிந்து, பாறையின் சொரசொரப்பில் புள்ளிபுள்ளியாகப் பிரிந்திருக்கும். படத்தில் அது ஒரே சிவப்பாகத் தெரிந்தால், மொத்த வெளிச்சம் சரியாக இருந்தும் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிட்டது என்று பொருள். வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகக் காட்டச் சொல்லுங்கள். சிவப்பு அந்த வரைபடத்தின் வலது ஓரத்தில் முட்டியிருந்தால் எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் இதில் பாதி வீட்டில் மீளும்; ஜேபெக்கில் மீளாது.

எவ்வளவு திருத்துவது என்பதில் என் கருத்து ஒன்று உண்டு. லாஸ்கோவின் கிணற்றுப் பகுதியில் செம்மணற்கல்லால் செய்த விளக்கு ஒன்று 1960இல் கிடைத்தது. விலங்குக் கொழுப்பு எரித்த விளக்கு. அந்த ஓவியங்கள் தீபத்தின் வெளிச்சத்தில் பிறந்தவை. நகலை அமைத்தவர்கள் வெளிச்சத்தை மஞ்சளாக வைப்பது அதை மனத்தில் கொண்டுதான் என்று நினைக்கிறேன். அதைப் பகல் வெள்ளையாக மாற்றினால் எண்கள் சரியாக இருக்கும், இடம் தொலைந்துபோகும். நான் பாதி வரைதான் திருத்துவேன்.

கணினியில் சரியாகத் தெரிந்தது அச்சில் கெட்டால், கேமராவை விடுங்கள், திரையைப் பாருங்கள். திரையின் நிறத்தை அளந்து சீராக்கும் கருவி விலையுள்ளது. ஒரு தடவைதான் அச்சிடப் போகிறீர்கள் என்றால், நல்ல அச்சகத்தில் சிறு மாதிரி எடுத்துப் பார்ப்பதே மலிவு.

விலங்கு சுவரில் ஒட்டிய காகிதம்போலத் தட்டையாக இருக்கிறது

மற்றக் குறைகளையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன், இதை மட்டும் முடியாது. அல்தமீராவின் கூரையில் பாறை இயற்கையாகவே குமிழ்குமிழாகப் புடைத்திருக்கிறது. ஓவியர் அந்தப் புடைப்பையே காட்டெருமையின் உடலாக எடுத்துக்கொண்டார்; சுருண்டு படுத்த விலங்கின் தோளும் தொடையும் கல்லிலேயே இருந்தன, அவர் கோட்டையும் காவியையும் சேர்த்தார். நகலைச் செய்த பெட்ரோ சவுராவும் மத்தில்தே முஸ்கிஸும் அந்தப் பாறை வடிவத்திலிருந்து தொடங்கித்தான் வண்ணத்துக்குப் போக முடிந்தது. அந்த மேடு விழாத படத்தில் ஓவியத்தின் பாதி காணாமல் போகிறது.

*ஃபிளாஷ் எரிந்ததா?* படத்தின் தகவலில் பாருங்கள். நேர் எதிரிலிருந்து வரும் வெளிச்சம் எல்லா நிழலையும் துடைத்துவிடும். அணைத்தாலே பாதி தீர்ந்தது.

*ஃபிளாஷ் இல்லை, ஆனாலும் தட்டை என்றால்:* வெளிச்சத்தையும் இருளையும் சமமாக்கும் கைபேசியின் எச்டிஆர் வசதி நிழல்களைத் தூக்கிவிட்டிருக்கும். அதை அணைத்து, திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, எக்ஸ்போஷரை ஒரு படி கீழே இழுங்கள். நிழல் கருப்பாகட்டும். கண்ணுக்கு அது இருட்டாகத் தோன்றும். ஆனால் விலங்கு எழுந்து நிற்கும்.

*நீங்கள் நிற்கும் இடம் எது?* எல்லோரும் ஓவியத்துக்கு நேர் எதிரில் நிற்கிறார்கள். விளக்கு எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று முதலில் பாருங்கள். ஒரு கண்ணைப் பாதி மூடி, புடைப்பின் எந்தப் பக்கம் நிழல் என்று தேடுங்கள். பிறகு விளக்குக்கு எதிர்ப்பக்கமாக இரண்டு மூன்று அடி நகர்ந்து, சுவரைச் சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தபோது மறைந்திருந்த வயிற்று வளைவு அங்கிருந்து நிழலோடு தெரியும். விலங்கின் அளவு சற்றுக் குறுகித் தெரியலாம். அதற்காக வருந்த வேண்டாம்.

*வழிகாட்டியின் கையில் டார்ச் இருக்கிறதா?* அவர் பேசும்போது வெளிச்சத்தைச் சுவரை ஒட்டி ஓரமாக ஓட்டிக் காட்டும் கணம் ஒன்று வரும். கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு அந்தக் கணத்துக்குக் காத்திருங்கள். அனுமதி உள்ள இடத்தில், முடிவில் பணிவாகக் கேட்டால் இன்னொரு முறை காட்டுகிறவர்களும் உண்டு.

*வீட்டில் திருத்தும்போது:* நிழலைத் தூக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். எடுத்தபோது நன்றாக இருந்து, திருத்தியபின் தட்டையான படங்களையும் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

பல கோணங்களில் எடுத்து முப்பரிமாண மாதிரி செய்யலாம் என்று எண்ணினால், அது நூற்றுக்கணக்கான படங்களும் சீரான வெளிச்சமும் தனி அனுமதியும் கேட்கும் வேலை. புத்தகத்துக்கோ விற்பனைக்கோ படம் வேண்டுமென்றால் அங்கேயே நிறுத்திக்கொண்டு, அருங்காட்சியகத்தின் படப் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்களிடம் தொழில்முறை ஒளியமைப்பில் எடுத்த படங்கள் இருக்கும். தவிர, மூலம் பல ஆயிரம் ஆண்டுப் பழையதானாலும் நகல் இக்காலக் கலைஞரின் உழைப்பு. இரண்டாம் லாஸ்கோவின் காளைகளை ஓவியர் மோனிக் பெய்த்ரால் ஆண்டுக்கணக்கில் நின்று தீட்டினார். உரிமை கேட்காமல் அதை அச்சிட்டு விற்பது நியாயமில்லை.

பாறையில் வெள்ளைப் பளபளப்பு

உண்மைப் பாறை ஈரமாக மின்னும். நகலில் பிசினும் பூச்சும் மின்னும். கருப்பு நிறத்தின் மேல் இந்த மினுக்கம் விழுந்தால் அங்கே கோடே தெரியாது. அரை அடி இடம் மாறினாலே பளபளப்பும் இடம் மாறும். முதலில் அதைச் செய்யுங்கள். பிறகு கேமராவைத் தலைக்குமேல் உயர்த்தி அல்லது முழங்கால் உயரத்துக்கு இறக்கிப் பாருங்கள்.

அதற்கும் அடங்காதபோது லென்ஸின் முன் மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி உதவும். ஆனால் அது ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும். இருட்டில் அது பெரிய விலை. நேர் எதிரில் நின்றால் பயனும் இல்லை, சாய்வாக நின்றால்தான் வேலை செய்யும். இதற்கென்றே புதிதாக ஒன்று வாங்கச் சொல்ல மாட்டேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓவியம் இருந்தால் லென்ஸின் ரப்பர் வளையத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து எடுப்பது இதைவிட நல்லது.

திடீரென்று எல்லாம் பால்போல வெளுத்துவிட்டது

நான்காம் லாஸ்கோவின் நகலுக்குள் குகையின் குளிரையே வைத்திருக்கிறார்கள். சுமார் 13 டிகிரி. ஆகஸ்டு பிற்பகலில் வெளியே முப்பதுக்கு மேல். உள்ளே ஒரு மணி நேரம் குளிர்ந்த கேமராவை வெளியே வந்ததும் எடுத்தால் லென்ஸில் பனி படியும். குளிரூட்டிய பஸ்ஸிலிருந்து நேரே இறங்கி எடுத்தாலும் இதேதான்.

துடைக்காதீர்கள், துடைத்தால் தூசியோடு சேர்ந்து கீறும். வெளியே வருவதற்கு முன்பே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அரை மணி நேரம் பைக்குள்ளேயே விட்டுவிடுங்கள். பனி பையின்மேல் படியும், லென்ஸில் படியாது. ஏற்கெனவே படிந்துவிட்டால் நிழலில் வைத்துக் காத்திருங்கள். லென்ஸைக் கழற்றக் கூடாது. கழற்றினால் ஈரக்காற்று சென்சார் வரை போகும்.

முன்கண்ணாடி தெளிந்தபின்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மங்கலாகவே இருந்தால் ஈரம் கண்ணாடிகளுக்கு இடையில் புகுந்துவிட்டது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். அதன்பிறகும் போகவில்லை, அல்லது சிலந்தி நூல்போல வெள்ளை இழை தெரிகிறது என்றால் பூஞ்சை. நம் கடலோர ஊர்களில் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. உடனே சர்வீஸுக்குக் கொடுங்கள். தாமதித்தால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும்.

காளை படத்துக்குள் அடங்கவில்லை, அடங்கினால் வளைந்துவிடுகிறது

லாஸ்கோவின் மிகப்பெரிய காளை ஐந்து மீட்டருக்கும் அதிக நீளம். பின்னால் போக இடமில்லாததால் கைபேசியின் அகலக் கோணத்துக்கு மாறுகிறோம். ஓரத்துக் கொம்பு இழுபட்டு நீள்கிறது. விலங்கின் தலை படத்தின் ஓரத்துக்கு வராமல் நடுவை ஒட்டி இருக்கும்படி வையுங்கள். வால் நீண்டால் கண் மன்னிக்கும், முகம் நீண்டால் மன்னிக்காது.

பாகம்பாகமாக எடுத்து ஒட்டுவதாக இருந்தால் ஃபோக்கஸ், எக்ஸ்போஷர், வைட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிட்டு, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, ஒவ்வொரு படமும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கைத் திரும்பக் காட்டும்படி எடுங்கள். ஒட்டிய இடத்தில் கோடு முறிந்திருந்தால் நீங்கள் இடுப்பைச் சுழற்றியிருக்கிறீர்கள். லென்ஸ் ஒரே இடத்தில் நிற்க, உடம்பு அதைச் சுற்றி நகர வேண்டும்.

சில ஓவியங்களை ஒட்டவே முடியாது, முயலவும் வேண்டாம். லாஸ்கோவின் நீள் கூடத்தின் முடிவில் தலைகீழாக விழும் குதிரை ஒரு பாறைத் தூணைச் சுற்றித் தீட்டப்பட்டிருக்கிறது. எந்த ஒரு இடத்தில் நின்றாலும் முழுக் குதிரை தெரியாது. தீட்டியவரும் அதை முழுதாகப் பார்த்திருக்க முடியாது. இப்படிப்பட்டதைச் சுற்றி நடந்து, ஐந்தாறு படங்களாக எடுத்து, வரிசையாக வையுங்கள்.

வண்ணம் வந்தது, செதுக்கிய கோடுகள் வரவில்லை

பெரிய கருப்புப் பசுவின் உடலைச் சுற்றிலும் அடியிலும் சிறுசிறு குதிரைகள் இருக்கின்றன. வண்ணமும் செதுக்கலும் சேர்ந்தவை. பசுவின் குளம்புகளுக்குக் கீழே கட்டம் போட்ட வண்ணச் சதுரங்களும் உண்டு. கைபேசிப் படத்தில் பசு மட்டும் வரும். புள்ளிகளைத் துடைக்கும் மென்பொருள் மெல்லிய கீறலையும் புள்ளி என்று எண்ணித் துடைத்துவிடுகிறது. காட்சி மேம்படுத்தல் எதுவாக இருந்தாலும் அணைத்துவிட்டு, கேமராச் செயலியின் 'ப்ரோ' முறையில் ரா கோப்பாக எடுங்கள். டிஜிட்டல் ஜூம் வேண்டாம். கயிற்றுத் தடுப்பு அனுமதிக்கும் அளவுக்கு நெருங்குங்கள். பிறகு மேலே சொன்ன சாய்ந்த வெளிச்சத்தைத் தேடுங்கள். கீறல் என்பது நிழல். நிழல் இல்லாத இடத்தில் எந்தக் கேமராவாலும் அதை எடுக்க முடியாது.

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி

சென்சாரில் தூசி. ஊதும் ரப்பர் பந்தால் ஊதுங்கள், வாயால் ஊதாதீர்கள். போகவில்லையென்றால் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்யலாம். குகைக்குப் பக்கத்தில் நின்று லென்ஸ் மாற்றுவதைத் தவிர்த்தால் இது வராது.

கார்டு திறக்கவில்லை, படங்கள் காணோம்

அந்தக் கார்டில் இனி ஒரு படமும் எடுக்காதீர்கள். கேமரா ஃபார்மட் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வேறு கார்டு ரீடரில் போட்டுப் பாருங்கள். பல நேரம் ரீடர்தான் பழுது. கணினிக்குக் கார்டு தெரிகிறது, கோப்புகள் மட்டும் தெரியவில்லை என்றால் மீட்பு மென்பொருளால் எடுக்கலாம். மீட்டதை அதே கார்டில் சேமிக்கக் கூடாது. கணினிக்குக் கார்டே தெரியவில்லை என்றால் தரவு மீட்பு நிபுணரிடம் போக வேண்டும். செலவு அதிகம். கட்டணம் கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள்.

ஊர் வந்தபின் எது எங்கே எடுத்தது என்று தெரியவில்லை

ஒவ்வொரு கூடத்திலும் முதல் படமாக விளக்கப் பலகையை எடுங்கள். அதன்பின் வருபவை எல்லாம் அந்தக் கூடத்தவை. இடம் பதியும் வசதி கட்டடத்துக்குள்ளும் நிலத்துக்கடியிலும் தவறான ஊரைக் காட்டும். மத்ரித் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத் தோட்டத்துக்குக் கீழே உள்ள அல்தமீரா நகல் போன்ற இடங்களில் அதை நம்ப முடியாது.

கோப்பின் பெயரிலேயே "நகல்" என்று எழுதுங்கள். பெயரில்லாத படம் இரண்டு கை மாறியதும் "17,000 ஆண்டுப் பழைய ஓவியம்" என்று சுற்றத் தொடங்கிவிடும். நான் எழுதும் முறை இது: லாஸ்கோ, கருப்புப் பசு, நகல், பட்டறைக் கூடம், மோன்தின்யாக், தேதி. கூடவே விளக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று ஒரு சொல், இடம் அல்லது வலம். அடுத்த முறை போகிறவருக்கு அந்த ஒரு சொல் மிகவும் உதவும்.